எட்டுக்கு ஆறு

கருங்கல் சந்திப்பில் ரப்பர்ஷீட் கடைக்கு மேல்மாடி.
ஃபிளெக்ஸ் ஓடும்போது சாயமணம் படியிறங்கி
பாதி வழியில் ரப்பர் நாற்றத்தோடு முட்டிக்கொள்ளும்.
நான் அங்கே எழுத்தடிக்கிறவன்.
எண்டர் தட்டுமிடத்தில் என் கவிதை மூச்சுவிடுகிறது என்று
ஒரு சிறுபத்திரிகையில் எழுதியிருந்தேன்.
ஞானாபரணம் படித்துவிட்டுக் கேட்டார்:
"உனக்கு ஆஸ்துமாவா டே?"

பத்திரப்பதிவு அலுவலகத்தில்
எல்லை எழுதியெழுதி ஓய்வுபெற்றவர்.
வடக்கே ஓடை, கிழக்கே தங்கநாடாச்சி வகையறா தென்னை.
இப்போது கல்யாணங்களுக்குக் குறள்வெண்பா,
ஒன்று இருநூறு ரூபாய்.
சாவுக்கு வாங்குவதில்லை.

அன்று சண்டை இதற்குத்தான்:

        கருங்கல் எனினும் கசிந்துருகும் காதல்
        மருங்கில் மலரும் மணம்.

பெண்ணின் படம் அகலமாகிப்போனதால்
'கசிந்து' மேல்வரியிலும்
'உருகும்' கீழ்வரியிலும் நின்றன.
"ஒரு சீர் கூடிப்போச்சே!
உருகும், புளிமா. பின்னால காதல், நேரசை.
தளை எங்க?"
"ஆரு சார் எண்ணப்போறா, பிரியாணிக்கு வாறவனா?"
"நான் எண்ணுவேன். மண்டபத்து வாசல்ல நின்னு எண்ணுவேன்.
எல்லைக்கல்ல ஒருத்தன் நகட்டினா
எனக்கு ஒறக்கம் வராது."

கரண்ட் போயிற்று.
இருட்டில் சுவரைப் பிடித்துப் படியேறி வந்தவள்
மிக்கேலம்மாள், குறும்பனை.
மகன் ஜெரோபினுக்கு ஒரு வருஷம்.
உடல் கிடைக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.
கல்லறைத் தோட்டத்தில் வேண்டாம்,
தூண்டில் வளைவுக்குப் போகிற சுவரில் கட்டணும்
என்றபோது தெரிந்துகொண்டோம்.
ரேஷன் அட்டையில் இருந்த முகத்தை நீட்டினாள்.
"என்ன எழுதணும்?" என்றேன்.
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள், எங்களிடம் அல்ல:

        வள்ளம் கெடக்கு, வலகெடக்கு, வாமோனே,
        சோறும் கெடக்கு, ஆறிட்டு.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்,
ஞானாபரணத்தின் கட்டைவிரல்
மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி ஓடியதை.
தேமா புளிமா கருவிளங்காய் தேமாங்காய்
தேமா புளிமா
அங்கே நின்றுவிட்டது விரல்.

இரண்டு வருஷம் அவர் வெண்பாக்களைத் தட்டியதில்
என் கைக்கும் அது தெரிந்துபோனதுதான் வெட்கக்கேடு.
குனிந்து அவர் காதில் சொன்னேன்:
"'குளிர்ந்து'ன்னு போட்டா சரியாவும் சார்.
பிறப்புல முடிஞ்சிரும்."
சொன்ன பிறகுதான்
வாய்பாட்டுக்கு வைத்த அந்தப் பெயர்
என் நாக்கில் கனத்தது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.
"சோறு ஆறும் டே. குளிராது.
அவ சொன்னபடி அடி."
"தளை?"
"தட்டட்டும்."

கரண்ட் வந்தது.
'ஆறிட்டு' என்பதை எங்கே வைப்பது?
மூன்றுமுறை எண்டர் தட்டினேன்,
மூன்றுமுறை அழித்தேன்.
தனியே கீழே இறக்கினால்
அது என் கவிதைபோல் இருந்தது,
நடுவில் நிறுத்தினால் அவர் கவிதைபோல்.
கடைசியில் அவள் மூச்சு நின்ற அகலத்துக்கு
நாலு வெற்றிடம் விட்டேன்.

எட்டுக்கு ஆறு.
கடல்காற்று கிழிக்காமல் இருக்க
பிறைபிறையாக வெட்டித் தருவது வழக்கம்.
எழுத்தில் படாமல் வெட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன்.
"இதுல வாமோனே எது?" என்றாள்.
படிக்கத் தெரியாது.
காட்டினேன்.
உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள்.
மை காயவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
ஞானாபரணம் என் முழங்கையைப் பிடித்தார்.

அவள் போய் வெகுநேரம் கழித்து
குடையைத் தேடி எடுத்துக்கொண்டு
படியில் இரண்டு இறங்கி, திரும்பி,
"அந்தக் கசிந்துருகும் ரெண்டையும்
நாளைக்குச் சேத்து வச்சிரு" என்றார்.
"இடமில்ல சார்."
"பெண்ணைக் கொஞ்சம் சுருக்கு."